நூல் கட்டிய பூக்கள்

"போன மாசம்தான் இந்தப் பாக்கெட்டைப் புதுசா வச்சுத் தச்சேன். அதுக்குள்ள மறுபடி ஓட்டை. உள்ளே என்னங்க வளக்கறீங்க, எலியா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாசல் அறையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் பேண்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள் மனைவி. இடப்பக்கப் பாக்கெட்டின் அடி வழியாக அவளுடைய இரண்டு விரல்கள் எட்டிப் பார்த்து ஆடின.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கத்தரிக்கோல் முனை குத்தியிருக்கும் என்றான். சிரிப்பு முடிவதற்குள் எழுந்து அவள் அருகில் வந்தான்.

"போன மாசம் என்னைக்குத் தச்சே?"

"மழை பெஞ்சுதே ஒரு சனிக்கிழமை, அதுக்கு மறுநாள். நனைஞ்ச கோழி மாதிரி வந்தீங்களே. பேண்ட் காய்ஞ்சதும் தச்சேன்."

"பாக்கெட்ல நூல்கண்டு இருந்துதே?"

"இருந்தது, ரெண்டு. வெளில எடுத்து வச்சுட்டுத் தச்சேன். அப்புறம் போட்டேன்."

"எதை எந்தப் பக்கம் போட்டே?"

"இது என்னங்க கேள்வி? ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். சிவப்பு எது, பச்சை எதுன்னு பாத்தா தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்," என்றான்.

தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், கறுப்பும் வெள்ளையும் எல்லோருக்கும் போலத் தெரியும். சிவப்பும் பச்சையும் மட்டும் அவன் கண்ணுக்கு ஒரே மண் நிறம். இரண்டாம் வகுப்பில் மரத்துக்கு இலை வரைந்து சிவப்பு பூசிக் கொடுத்த அன்று, வகுப்பே பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து அவன் நிறத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. பழம் பழுத்ததா என்று அழுத்திப் பார்த்தான். சிக்னலில் மேல் விளக்கா கீழ் விளக்கா என்று பார்த்தான். முப்பத்தொரு வயது வரை யாரிடமும் மாட்டிக்கொள்ளவில்லை.

மர ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்கு மரம் ஏறும் வேலை. ஆள் உயரம் ஆறடிக்கு மேல் என்பதால் எல்லோருக்கும் அவன் 'ஏணி'. சம்பளப் பட்டியல் எழுதுகிறவர் ஒருவருக்குத்தான் அவன் நிஜப் பெயர் ஞாபகம் இருந்தது. எந்தக் கொம்பு தாங்கும், எந்தக் கொம்பு ஏமாற்றும் என்று உள்ளங்கால் சொல்லிவிடும். அந்த வேலைக்கு நிறம் தேவைப்பட்டதே இல்லை. இந்த வருடம் வரைக்கும்.

நிலையத்தின் நடுவில் ஒரு பாதிரி மரம் நிற்கிறது. நேராக வளர்ந்து, பூச்சி தொடாத, வறட்சிக்கு அசையாத மரம். அதிலிருந்து ஒட்டுக்கன்றுகள் கட்டி, மொட்டையாய்க் கிடக்கும் மலைச்சரிவில் நாற்பது ஏக்கர் விதைத்தோப்பு போட வேண்டும் என்பது டைரக்டரின் ஆசை. கன்றுகள் ஆயிரத்து எண்ணூறு தயாராகிவிட்டன. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அத்தனை கன்றும் ஒரே மரத்தின் துண்டுகள். நாற்பது ஏக்கர் என்றாலும் அது ஒரு மரம்தான். அந்த மரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்க்குமா? ஏற்காத ஜாதி என்றால் தோப்பு முழுக்கப் பூக்கும், தேனீ வரும், ஒரு காய்கூட நிற்காது. பல மரங்கள் அப்படித்தான், சொந்த மகரந்தத்துக்குக் கதவைச் சாத்திவிடும்.

அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அங்கே விஞ்ஞானியாக இருக்கும் மேடத்தினுடையது. ஐம்பது வயது, பெரிய கண்ணாடி, எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனா. மொட்டு விரிவதற்கு முந்தின நாள் அதன் மகரந்தப் பைகளை நீக்கி, பூச்சி வராமல் துணிப்பை கட்ட வேண்டும். மறுநாள் காலை பாதிப் பூக்களுக்கு இதே மரத்தின் மகரந்தம். மீதிப் பாதிக்கு இரண்டு நாள் தூரத்தில் இருக்கும் வேறொரு பாதிரியின் மகரந்தம், ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி வந்தது. எது எந்தப் பூ என்று தெரிய, காம்பில் அடையாளம். மற்ற வருடங்களில் எண் அடித்த தகடுகள் இருந்தன. இந்த வருடம் தகடு வந்து சேரவில்லை.

"நூல் கட்டிரு, ஏணி," என்று மேடம் அவன் கையில் இரண்டு கண்டுகளைக் கொடுத்தார். "இந்தா, சிவப்பு, தன் மகரந்தத்துக்கு. இது பச்சை, அயலுக்கு."

அந்த இடத்தில் ஒரு நிமிடம் இருந்தது. 'எனக்குக் கண்ணு அப்படி மேடம், எண் எழுதின துணி ஏதாவது குடுங்க' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அவன் சிவப்பை இடது பாக்கெட்டிலும் பச்சையை வலது பாக்கெட்டிலும் போட்டுக்கொண்டு ஏறிவிட்டான். மரத்தின் மேல் ஒரு கைதான் சும்மா இருக்கும். அது தானாகச் சரியான பாக்கெட்டுக்குப் போகும் என்று நம்பினான்.

சனிக்கிழமை மழையோடு மழையாக நாற்பது பூ. ஞாயிறு விடுமுறை. திங்கள், செவ்வாய், புதன் காலைகளில் மீதி.

மூன்று வாரம் கழித்து எண்ணிப் பார்த்தபோது மேடம் தலையைச் சொறிந்தார். சனிக்கிழமைப் பூக்களில் பச்சை நூலில் ஏழு காய், சிவப்பில் ஒன்றுமில்லை. மற்ற மூன்று நாளும் அப்படியே தலைகீழ். சிவப்பில் இருபத்திரண்டு காய், பச்சையில் ஒன்றுகூட இல்லை.

"ஏணி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நூலை மாத்திக் கட்டிட்டியா?"

அவனுக்கு முகம் சுட்டது. "என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க. இடது சிவப்பு, வலது பச்சை. எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"சரி சரி. நீ சொன்னா சரிதான்."

பிறகு அவரே காரணம் கண்டுபிடித்தார். சனிக்கிழமை சிவப்பு மழையில் கெட்டிருக்கும். அயல் மகரந்தம் முதல் நாள் புதிதாக இருந்திருக்கும், அப்புறம் ஐஸ் உருகிச் செத்திருக்கும். ஆகவே இந்த மரம் தன்னைத்தானே ஏற்கிறது. அறிக்கை போனது. டைரக்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை, அதாவது நாளையல்ல அதற்கு அடுத்த திங்கள், கன்றுகளை ஏற்ற லாரி வருகிறது.

மனைவி பேண்டை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் அந்த இரண்டு பாக்கெட்டையும் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

மாற்றிப் போட்டிருப்பாளா, மாட்டாளா? பாதிக்குப் பாதி. சரியாகப் போட்டிருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை. அவன் பாட்டுக்குச் சாப்பிடலாம். மாற்றிப் போட்டிருந்தால், நாற்பது ஏக்கர் மலடாகப் போவது அவன் கையால். அதுவும் உடனே தெரியாது. கன்று வளர்ந்து பூக்கவே ஏழெட்டு வருடம். அத்தனை வருடமும் அவனுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

மறுநாள் வேலைக்குப் போனவுடன் அண்ணாந்து பார்த்தான். பூக்காலம் முடிந்துவிட்டது. உச்சிக்கு அருகில் கிழக்குக் கொம்பில் மட்டும் வழிதப்பின பூங்கொத்து ஒன்று. ஏறிப் பார்த்தான். நாளை விரியப்போகும் மொட்டுகள் ஆறு.

ஆறுக்கும் தன் மகரந்தமே வைத்துவிட்டால் நூலே வேண்டாம், நிறமே வேண்டாம். ஏற்காத மரம் என்றால் நாலைந்து நாளில் பூப்பிஞ்சு காம்போடு கழன்று விழும். ஏற்கிற மரம் என்றால் நிற்கும். திங்கட்கிழமைக்குள் தெரிந்துவிடும்.

காய்ந்த கொம்பு கழிக்கப் போகிறேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டு, ஆறு மொட்டுக்கும் துணிப்பை கட்டினான். செவ்வாய்க்கிழமை காலை பைகளை அவிழ்த்தபோது பூக்கள் விரிந்திருந்தன. பாதிரிப் பூவின் சூல்முடி, அதாவது மகரந்தம் வாங்கும் நுனி, இரண்டு சின்ன உதடுகள் மாதிரி திறந்திருக்கும். தொட்டால் மூடிக்கொள்ளும். வெறும் குச்சியால் தொட்டால் சற்று நேரத்தில் ஏமாந்ததைத் தெரிந்துகொண்டு மறுபடி திறக்கும். மகரந்தத்தோடு தொட்டால் மூடியது மூடியதுதான். அது தன்னுடையதா, வேறு மரத்தினுடையதா என்று அப்போது அதற்குத் தெரியாது. தெரிய நாலைந்து நாள் ஆகும். அவன் குச்சி நுனியில் தூளை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டான். ஆறும் வாயை மூடிக்கொண்டன. பைகளைத் திரும்பக் கட்டினான்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கீழே ஒட்டுக்கட்டும் கொட்டகையில் கன்றுகளை வரிசை வரிசையாக லாரிக்காக நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனான். மேடம் கூப்பிட்டால் திடுக்கிட்டான்.

"என்ன ஏணி, வீட்ல சண்டையா?"

"இல்ல மேடம்."

"கல்யாணமாகி எட்டு மாசம் ஆகியும் சண்டை வரலைன்னாதான் கவலைப்படணும்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

சண்டை வியாழக்கிழமை வந்தது.

மனைவிக்கு அவசரமாக நூல் வேண்டியிருந்தது. ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, "இதே நிறத்துல ஒரு கண்டு வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். முன்பெல்லாம் துணியைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு நிற்பான், அவர் எடுத்துத் தருவார். அன்றைக்குக் கடைக்காரர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பெட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

"டெய்லர் வீட்டுக்காரர்தானே? நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

அவன் பார்த்தான். எடுத்தான்.

வீட்டில் அவள் கண்டைத் துணிமேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கிண்டலா? பாட்டில் பச்சைத் துணிக்குத் தக்காளிச் சிவப்பு நூலா?" நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மேசையிலிருந்து இன்னொரு கண்டை எடுத்து நீட்டினாள். "இது என்ன நிறம்?"

அவன் கண்டைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"இது?"

"விடும்மா."

"என்னங்க இது என்னன்னு கேக்கறேன்."

சொன்னான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இரண்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னான். அவள் மெஷினின் சக்கரத்தைப் பிடித்தபடி கேட்டாள்.

"எட்டு மாசமா நான் எதை உடுத்தினாலும் நல்லா இருக்கு, எடுப்பா இருக்குன்னீங்களே. எதைப் பாத்துச் சொன்னீங்க?"

"உன்னைப் பாத்துத்தான்."

"சினிமா வசனமெல்லாம் வேணாம். எனக்கு இப்ப எரிச்சலா வருது."

"உங்கப்பா சாயப்பட்டறைக்காரர். நிறம் தெரியாத மாப்பிள்ளைன்னா..."

"எங்கப்பாவையா கட்டிக்கிட்டீங்க? என்கிட்ட சொல்லியிருக்கணும். நான் நிறத்தைப் பாத்துப் பாத்துத்தான் சோறு திங்கறேன். அதை ஒரு ஆளுக்குக் காமிச்சுச் சந்தோஷப்பட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை அப்படியே நின்றது. "இருங்க. அன்னைக்கு நூல்கண்டை எந்தப் பக்கம் போட்டேன்னு கேட்டீங்களே. எதுக்கு?"

அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. மரம், நூல், லாரி, உச்சிக் கொம்பில் ஆறு பூ.

அவள் மெஷினிலிருந்து எழுந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ. அப்ப நான்தானா?"

"நீ என்ன பண்ணுவே. நான் சொல்லாததுதான்."

அவள் குரல் மாறியது. தாழ்த்திப் பேசினாள், வீட்டில் வேறு யாரோ இருப்பது போல. "சரி, கேளுங்க. ஆறும் விழுந்துட்டா மேடத்துக்கிட்ட சொல்லுங்க. விழலைன்னா வாயைத் திறக்காதீங்க. கண்ணு கதை எதுவும் வேணாம். வேலைக்கே உலை வச்சுடுவாங்க."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னேனே."

வெள்ளிக்கிழமை ஏறினான். பிஞ்சு மஞ்சளடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அவனால் முடியாது. விரல் நுனியால் காம்பை மெல்லத் தள்ளிப் பார்த்தான். ஆறும் கெட்டியாக நின்றன. இறங்கும்போது கால் லேசாக இருந்தது. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டான். அவளும் பேசினாள், உப்பு வேணுமா என்ற அளவுக்கு.

சனிக்கிழமை முதல் காம்பைத் தொட்டான். தொட்டதோடு அது கையில் வந்துவிட்டது. இழுக்கவே இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தொடாமல் கொம்பைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு தொட்டான். அது நின்றது.

ஞாயிறு விடுமுறை. காவலாளியிடம் அரிவாளை மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனான். இன்னும் மூன்று உதிர்ந்து துணிப்பைகளுக்குள் கிடந்தன. ஒன்று மட்டும் நின்றது. தள்ளிப் பார்த்தான், நின்றது. விழுந்த ஐந்தையும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"ஒண்ணு நிக்குதா?" என்றாள் அவள். "அப்ப ஆறும் விழலையே?"

"விழல."

"ஒண்ணு நிக்குதுன்னா ஏத்துக்குதுன்னுதானே அர்த்தம்?"

"தெரியல. அப்படியும் இருக்கலாம்."

இரண்டு பேரும் அந்த ஒற்றைப் பிஞ்சைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்கள். அவளுக்கு அதில் அவனைவிட நம்பிக்கை. பேசிக்கொண்டே அவள் கொடியிலிருந்து அவன் பேண்டை எடுத்து மேசையில் விரித்தாள். சும்மா இருக்க முடியாத கை அவளுக்கு.

"அன்னைக்கு எப்படிப் பண்ணேன்னு நெனச்சுப் பாக்கறேன். இப்படித்தான் விரிச்சேன், முன்பக்கம் மேல. இந்தக் கையால இதுலேர்ந்து எடுத்தேன். எடுத்து மெஷினுக்கு இந்தப் பக்கம் வச்சேன். அது அந்தப் பக்கம். நான் ஒழுங்காத்தான் வச்சேன், தெரியுமா? எடுத்த பக்கமே போடணும்னு நெனச்சுத்தான் பிரிச்சு வச்சேன்." இரண்டு கண்டுகளை மெஷினின் இரு பக்கமும் வைத்துக் காட்டினாள். "அப்புறம் தச்சேன். தச்சு முடிச்சு, இதை எடுத்து இந்தப் பக்கம்..."

நின்றாள்.

"என்ன?"

"பாக்கெட்டோட அடித்தையல் பின்னாலேர்ந்து போட்டாத்தான் படியும்." அவள் பேண்டை மெதுவாகக் கவிழ்த்துப் போட்டாள். இப்போது பின்பக்கம் மேலே. "கவுத்துப் போட்டுத்தான் தச்சேன். தச்சதும் ஒரு அம்மா அளவு குடுக்க வந்தாங்க. அவசரமா, கவுந்தபடியே..."

வலப்பக்கம் இருந்த கண்டை எடுத்து, தன் வலக்கைக்கு நேரே இருந்த பாக்கெட்டில் போட்டாள். இடப்பக்கம் இருந்ததை இடக்கைக்கு நேரே போட்டாள். பேண்டைத் திருப்பினாள். கண்டுகள் இடம் மாறிக் கிடந்தன.

இன்னொரு தடவை செய்து பார்த்தாள். மூன்றாம் தடவையும். பிறகு மெஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, "நாளைக்கு நானும் வரேன்" என்றாள்.

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை அவன் போகும்போதே லாரி வந்து நின்றது. கன்றுகளை ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். அவன் முதலில் மரத்தில் ஏறினான். ஆறாவது பிஞ்சு நின்றது. நகத்தால் தட்டினான், அப்போதும் நின்றது. 'விழுந்து தொலையேன்' என்று வாய்விட்டுச் சொன்னான். அது அசையவில்லை. இறங்கி மேடத்தின் அறைக்குப் போனான்.

நடந்து போகும்போது அவனுக்கு ஒரு திட்டம் இருந்தது. கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பிஞ்சுகளே பேசட்டும். தீப்பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தான்.

"மேடம், உச்சில கடைசிப் பூ ஆறு இருந்தது. சும்மா தன் மகரந்தம் வச்சுப் பாத்தேன். அஞ்சு விழுந்துடுச்சு."

மேடம் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "யாரைக் கேட்டு வச்சே?"

"யாரையும் கேக்கல."

"நல்ல ஆளுப்பா. ஒண்ணு?"

"நிக்குது."

"பாத்தியா, நிக்குதே! ஏத்துக்குதுன்னு நானும் அதைத்தான் சொல்றேன். கடைசிப் பூவுக்கு வலு கிடையாது, ஏணி. வெயில் வேற ஏறிடுச்சு, பைக்குள்ள வெந்து விழுந்திருக்கும். பக்கத்துல அயல் மகரந்தம் வச்ச பூ நாலு இருந்தாத்தான் எதனால விழுந்ததுன்னு சொல்ல முடியும். ஆறு பூவை வச்சு லாரியை நிறுத்த முடியுமா?" தீப்பெட்டியை மூடி அவன் பக்கம் தள்ளினார். "நீ அன்னைக்குச் சரியாத்தானே கட்டினே? அது போதும் எனக்கு."

வெளியே லாரியின் பின்பலகையில் கன்றுக்கூடைகள் மோதும் சத்தம் கேட்டது. மேடம் ஏதோ கையெழுத்துப் போடக் குனிந்தார். தீப்பெட்டி அவன் கையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம். மேடமே வழிவிட்டுவிட்டார்.

"சரியாக் கட்டல, மேடம்."

பேனா நின்றது.

"எனக்குச் சிவப்பு தெரியாது. பச்சையும் தெரியாது. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பாக்கெட்டை வச்சுத்தான் கட்டினேன். அந்த மழைக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை வீட்ல பாக்கெட் தச்சப்ப நூல் இடம் மாறிடுச்சு. திங்கக்கிழமைலேர்ந்து எல்லாம் மாறித்தான் கட்டியிருக்கேன்."

மேடம் அவனையே பார்த்தார். பிறகு தன் மூன்று பேனாக்களையும் அவன் முன்னால் வரிசையாக வைத்தார். "சிவப்பு எது?"

"நீலம் எதுன்னு சொல்லுவேன். மத்த ரெண்டும் தெரியாது."

"நான் கேட்டேனே ஏணி. நேருக்கு நேர் கேட்டேனே. கண்ணு தெரியாதான்னு என்னையே திருப்பிக் கேட்டியே."

"ஆமா மேடம்."

"என்னடா ஆமா?" அவர் எழுந்துவிட்டார். அவனை அவர் 'டா' போட்டது அதுவே முதல் தடவை. "ரெண்டு எழுத்து எழுதின துணியைக் கிழிச்சுக் குடுத்திருப்பேன். ஒரே ஒரு வார்த்தை!"

அப்போதுதான் கதவருகில் இருமல் கேட்டது. மனைவி நின்றிருந்தாள், வேர்த்து, கையில் ஒரு துணிப்பையோடு. வேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டாள்.

"மேடம், நான் இவர் வீட்டுக்காரி. நூலை மாத்திப் போட்டது நான். காமிக்கலாமா?"

"என்னத்தைம்மா காமிக்கப் போறே?"

பதிலுக்கு அவள் பைக்குள்ளிருந்து பேண்டை எடுத்து மேசைமேல், அந்த அறிக்கைகளுக்கு மேலேயே விரித்தாள். அவனுக்கு எங்கே ஓடி ஒளியலாம் என்று இருந்தது. எடுத்தாள், வைத்தாள், கவிழ்த்தாள், போட்டாள், திருப்பினாள். மேடம் கைகட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும், "இன்னொரு தடவை பண்ணு" என்றார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சனிக்கிழமை சரி," என்றார் தனக்குத்தானே. "மழையுமில்ல, ஐஸுமில்ல. நாலு நாளும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கு மரம், தன் மகரந்தம் வேணாம்னு. நான்தான்..." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஒத்தைப் பிஞ்சு?"

"இன்னைக்குக் காலைல வரைக்கும் நிக்குது, மேடம்."

"நிக்கட்டும். ஒண்ணு ரெண்டு அப்படி முரண்டு பிடிக்கும்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். ஜன்னல் வழியாக அவர் லாரிக்காரருக்குக் கையைக் காட்டி நிறுத்தச் சொல்வது தெரிந்தது. பிறகு மரத்தடியில் முன்னும் பின்னும் நடந்து பேசினார். "ஆமா சார்" என்பதும், "நான் சரிபாக்கல சார், என் தப்பு" என்பதும் மட்டும் கேட்டன. அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒரு இடத்தில் மேடம் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

"என்னால உங்க மேடத்துக்கும் திட்டு," என்று மனைவி முணுமுணுத்தாள்.

"என்னாலதான்."

"சரி, உங்களாலதான்."

மேடம் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "புதன்கிழமை டைரக்டர் வராரு. நீ இருக்கணும். இப்ப சொன்னதை அவர்கிட்ட உன் வாயால சொல்லணும்."

"என் வேலை, மேடம்?"

"தெரியாது. என் வேலையே எனக்குத் தெரியல." பேண்டை மடித்து அவன் மனைவியிடம் நீட்டினார். "மறுபடி பூக்க பதினோரு மாசம் இருக்கு. அது வரைக்கும் உன்மேல கோவமா இருக்கலாம்னு இருக்கேன். இப்ப போய்க் கன்னுங்களை இறக்கு."

லாரிக்காரர் பின்பலகையில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டார். "ஏத்துங்கறீங்க, இறக்குங்கறீங்க. நான் என்ன ஊஞ்சலா வச்சிருக்கேன்?" யாரும் சிரிக்கவில்லை. முந்நூறு கன்றுக்கு மேல் ஏறியிருந்தது. அவன் லாரிமேல் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொடுக்க, அவள் வாங்கி நிழலில் வரிசையாக வைத்தாள். போகச் சொல்லியும் அவள் போகவில்லை.

ஒரு வரிசை முடிந்தபோது அவள் அண்ணாந்து கேட்டாள். "புதன்கிழமையை நெனச்சா பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்," என்றாள். அடுத்த கன்றுக்குக் கை நீட்டினாள். "பாத்துக் குடுங்க, அடிப்பை கிழிஞ்சிருக்கு. மண்ணு கொட்டுது."

அவன் குனிந்து, கிழிசலை உள்ளங்கையால் அடைத்துப் பிடித்து, கன்றை அவள் கையில் இறக்கினான்.